குளச்சல் படை குளித்த நாள்

சனிக்கிழமை கண் விழித்ததிலிருந்தே பிரீனாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அவளைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படி இருந்ததில்லை. அன்று வந்தவர்கள் முந்திரிக்கொத்தை ஒரு கை பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். இன்று வருகிறவர்கள் அண்ணனைப் பார்க்க வருகிறார்கள். அண்ணனோ விபத்துக்குப் பிறகு ஒருவர் முகத்திலும் விழிக்கமாட்டேன் என்று அறைக்குள்ளேயே கிடக்கிறான்.

போன வாரம்தான் திருவனந்தபுரத்து டாக்டர் கடைசியாகக் கையை விரித்தார். பைக்கிலிருந்து விழுந்தபோது தோளில் அறுந்த நரம்பு அறுந்ததுதானாம். அண்ணன் ஷிஜினின் வலது கை இனி உடம்போடு தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதைக் கேட்டு அம்மா லீலாபாய் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால்படியிட்டு ஜெபித்தாள். அப்பா நேசையன் மாடிப்படியில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிரீனா மட்டும் அன்று மாலையே ஒரு காரியம் செய்தாள். அண்ணனிடம் கேட்காமல், வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்த ஸ்ரீகுமாருக்குப் போன் போட்டு, "வாருங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

ஷிஜினுக்குச் சம்பளம் தந்த வேலை ஒன்று இருந்தது. ஆனால் உயிர் முழுக்கப் பொம்மைப் படையில்தான் இருந்தது. மேசைமேல் ஒரு போர்க்களத்தைக் கட்டி, பெருவிரல் உயர வீரர்களை இரண்டு பக்கமும் நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்தும் விளையாட்டு அது. வெளிநாட்டில் மீசை நரைத்தவர்களே விளையாடுகிறார்கள். அவர்கள் ஏதேதோ ஊர்ப் போர்களைக் கட்டும்போது ஷிஜின், திருவிதாங்கூர் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த நம்முடைய குளச்சல் போரைக் கட்டினான்.

டச்சுக்காரர்கள் சுலபம், பெட்டியில் வந்து இறங்கிவிட்டார்கள். திருவிதாங்கூர் வீரன்தான் எந்தக் கடையிலும் இல்லை. வெள்ளைக்காரப் பொம்மையின் தொப்பியைச் சீவி, குழாய் அடைக்கும் பசைமாவில் தலைப்பாகை சுற்றி, பூட்ஸைச் செதுக்கி வெறுங்காலாக்கி, மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து இடுப்பில் முண்டு உடுத்தி, ஒவ்வொருவனாகப் பிறப்பித்தான். கண்ணுக்குள் கருவிழி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வான். அந்த நேரம் வீட்டில் யாராவது தும்மினால் தொலைந்தார்கள்.

நேசையன் ஆரம்பத்தில், "கல்யாண வயசில பொம்மைக்கு முண்டு உடுத்துகான் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டவர்தான். பிறகு அவரே தன் ரப்பர் மரத்துப் பாலைச் சிரட்டையோடு கொண்டுவந்து கொடுத்தார். ஷிஜின் அதை முட்டத்துக் கடற்கரைப் பாறைமேல் தேய்த்துத் தேய்த்துக் காயவிட்டு, தோல் மாதிரி உரித்தெடுத்து, அதற்குள் பிளாஸ்டரை ஊற்றினான். முட்டத்துப் பாறை கையளவில் வீட்டுக்கு வந்துவிட்டது. கடியப்பட்டணத்திலிருந்து அள்ளிவந்த கருமணல், செப்புக் கம்பியில் பனைமரம், வார்னிஷை ஊற்றி எழுப்பிய அலை. எல்லாம் கூடத்து மேசையில் போர்வைக்குக் கீழே இப்போதும் அப்படியே கிடக்கின்றன.

டச்சுப் படைக்குப் பகடை உருட்டுவது எப்போதும் பிரீனாதான். தோற்பதும் அவள்தான், அது சரித்திரம். ஒருநாள் பகடை அவள் பக்கம் விழுந்து டச்சுக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஷிஜின் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அந்தப் படையின் படங்களை இன்டர்நெட்டில் பார்த்துவிட்டுத்தான் ஸ்ரீகுமார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நாகர்கோவில்காரன், திருவனந்தபுரத்தில் வேலை. அவனும் அவன் கூட்டாளிகளும் இதே விளையாட்டுப் பைத்தியங்கள். "அண்ணன் கையை அசைக்கவே வேண்டாம். வாயால சொன்னா போதும், நாங்க நகர்த்துகோம். அந்தப் படையை ஒருநாள் களத்தில நிறுத்தினா போதும்" என்றான்.

வாயால் சொன்னால் போதும். இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பிரீனா ஒரு வாரமாக நடமாடினாள். கை போனாலும் வாய் இருக்கிறது, மூளை இருக்கிறது. நாலு பேர் வந்து அண்ணனின் படையைச் சுற்றி நின்று அதிசயப்பட்டால், அவன் ஒரு சொல் சொல்வான், அதற்கு ஒருவன் பதில் சொல்வான், அப்படியே அந்த அறைக் கதவு திறந்துவிடும் என்று நம்பினாள். அதை விட்டால் அவள் கையில் வேறு ஒன்றும் இல்லை.

நேற்று அந்த நம்பிக்கைக்கு ஒரு அடையாளமும் கிடைத்திருந்தது. தக்கலையில் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு ஷிஜினே போன் செய்தான். அவன் போனைத் தொட்டே மாசக்கணக்காகிறது.

"பிரீனா, வரும்போ தரை துடைக்கிற லோஷன் வாங்கிட்டு வா. பெரிய குப்பி ரெண்டு. அம்மைக்கு வேணுமாம்."

அண்ணன் கூப்பிட்டுவிட்டான் என்ற சந்தோஷத்தில் எதற்கு இவ்வளவு என்று அவள் கேட்கவே இல்லை. இருமல் மிட்டாயும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

இன்று காலையில் மீன் வாங்கத் தக்கலைச் சந்தைக்குப் போனாள். விருந்தாளிகளுக்கு மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் கறியும் என்று முந்தின நாளே முடிவாகியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு முற்றத்தில் கால் வைத்தபோது, மீன் வாடையையும் மீறி ஆஸ்பத்திரி வாசனை அடித்தது.

வாசனை பின்பக்கத்திலிருந்து வந்தது.

துணி துவைக்கும் கல்லருகே லீலாபாய் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. கையில் பழைய பல் தேய்க்கும் பிரஷ். வாயில் ஒரு கீர்த்தனை. மகனுக்கு அடிபட்ட பிறகு அவள் வாயில் பாட்டு வந்து பிரீனா கேட்கவில்லை.

"வந்தியா மக்கா? பாரு, எம்புட்டு அழுக்குன்னு பாரு! தேய்க்கத் தேய்க்க வந்துட்டே இருக்கு. ஆளுங்க வரும்போ தூசியும் சிலந்திவலையுமாவா வைக்க முடியும்?"

தொட்டிக்குள் சிவப்பும் நீலமும் மண்ணிறமும் கலந்து சேறாய்ச் சுழன்றன. பக்கத்தில் பழைய சேலையை விரித்து, கழுவி முடித்த வீரர்களைச் சூரியனுக்கு நேராக அடுக்கியிருந்தாள். அத்தனை பேரும் சாம்பல் நிறத்தில் இருந்தார்கள். கண் இல்லை, மீசை இல்லை, உடுப்பில் நிறம் இல்லை. பசை இளகி, காகித முண்டுகள் அவிழ்ந்து, தொட்டி ஓரத்தில் ஈரச் சருகாய் ஒட்டிக்கிடந்தன.

லீலாபாய்க்கு இரண்டு கண்ணிலும் திரை விழுந்திருக்கிறது. ஆபரேஷன் என்றால் "பிள்ளைக்குச் சரியாவட்டும், பிறவு பாப்போம்" என்பாள். வர்ணம் எது, அழுக்கு எது என்று அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

மீன் பை கீழே விழுந்தது.

"அம்மா! என்ன காரியம் பண்ணிட்டீங்க! அது அழுக்கு இல்லம்மா, பெயின்டும்மா! அண்ணன் அடிச்ச பெயின்டு!"

பிரஷ் அப்படியே நின்றது. லீலாபாய் கையிலிருந்த பொம்மையைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு விரலால் அதன் முகத்தைத் தடவினாள்.

"எல்லாமா மக்கா?"

"எல்லாம்தான். உங்ககிட்ட யாரும்மா இதைக் கழுவச் சொன்னது?"

லீலாபாயின் தலை மெல்லத் திரும்பியது. ஷிஜினின் அறை ஜன்னலை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள். "தூசியா இருந்துதேன்னு நான்தான் எடுத்தேன்."

ரப்பர் பால் வாளியோடு வந்த நேசையன் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாளியைத் தரையில் வைத்த வேகத்தில் பால் தெறித்து அவர் வேட்டியெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"ஏட்டி, கண்ணு தெரியல்லன்னா கையைக் கட்டிட்டு ஒரு மூலைல கெடக்கக் கூடாதா? அவனுக்க கை போச்சு. அந்தக் கை செஞ்சதாவது மிஞ்சிச்சே, அதையும் கழுவிக் களைஞ்சிட்டியே! நீ எல்லாம் பெத்த தள்ளையா?"

முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் அவளை அப்படிக் கேட்டதில்லை. "நான்தான் எடுத்தேன்" என்றாள் லீலாபாய் மறுபடியும். ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். லோஷன் கண்ணில் எரிந்திருக்க வேண்டும், ஆனாலும் கையை எடுக்கவில்லை.

பிரீனா உள்ளே நடந்தாள். இதை அண்ணனிடம் யாராவது சொல்லியாக வேண்டும்.

ஷிஜின் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். வலது கை மடியில், வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. எதிரே, படை நின்றிருந்த கண்ணாடி அலமாரியின் கதவு திறந்திருந்தது. எல்லாத் தட்டுகளும் காலி.

"அண்ணா..." என்று வாசற்படியிலேயே நின்றாள். "அம்மா தெரியாம..."

"கேட்டுது" என்றான். "எல்லாம் போச்சா?"

"போச்சு."

"ம்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை, வெளியே ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. ஒரு வீரனின் வாள் நுனி உடைந்ததற்கு அரை நாள் சாப்பிடாமல் இருந்தவன் அவன்.

பிரீனாவின் பார்வை மறுபடியும் அலமாரிக்குப் போனது. மேல் தட்டு அம்மாவின் தலைக்கு ஒரு முழம் மேலே. முக்காலி போட்டு ஏற அம்மாவின் முழங்காலுக்குப் பெலன் கிடையாது. பிறகு அவற்றை யார் எடுத்துக் கொடுத்தது?

அப்போதுதான் தொட்டியின் நிறம் அவள் நினைவுக்கு வந்தது. அந்த லோஷனைத் தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும். வீட்டில் தரை துடைக்கும் எந்தப் பெண்ணும் ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடிதான் விடுவாள். தொட்டியில் வெளுப்பே இல்லை. இரண்டு குப்பியும் முழுசாக, ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமல் ஊற்றப்பட்டிருந்தன.

வர்ணத்தை உரிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் ஊற்ற வேண்டும். இது பிரீனாவுக்கு நன்றாகத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. வர்ணம் மனசுக்குப் பிடிக்காத வீரனை ஷிஜின் லோஷனில் ஊறப்போட்டு உரித்து மறுபடியும் பூசுவான். அவனுக்குக் குப்பி பிடித்தவளே அவள்தான். "வெள்ளம் சேர்க்காத பிரீனா, சேர்த்தா பிசினாயிரும்" என்று சொல்லித் தந்ததும் அவன்தான்.

"அண்ணா, லோஷன் அம்மைக்கு வேணும்னு சொன்னியே. அம்மை கேட்டாளா?"

ஷிஜின் அவளைப் பார்க்கவில்லை.

"அம்மை சொல்லலியா உனக்கிட்ட?"

"நான்தான் எடுத்தேன்னு சொல்லுகா. அப்பா அவளை வாய்க்கு வந்தபடி பேசியாச்சு. அப்பவும் அதைத்தான் சொல்லுகா."

அதற்குத்தான் அவன் முகம் அசைந்தது. பிறகு, அடங்கிய குரலில், எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான்.

"காலத்த, நீ சந்தைக்குப் போனதும், நான்தான் அடுக்களைக்குப் போனேன். எல்லாத்தையும் தட்டுல எடுத்து வச்சுக் குடுத்தேன். லோஷன்ல போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவும்மா, ஆளுங்க வருகாங்கல்லா, அப்பிடின்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் தலையைத் தடவி முத்தம் தந்தா."

"எதுக்கு அண்ணா?" பிரீனாவுக்குக் குரல் உடைந்தது. "எதுக்கு இப்பிடிச் செஞ்ச?"

"ஸ்ரீகுமார் வருவான். நாலு பேரோட வருவான். ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாத்து, அடேயப்பான்னு சொல்லுவான். பிறவு எனக்க கையைப் பாப்பான். அதைச் செஞ்சவன் செத்தாச்சு பிரீனா. நான் எதுக்கு அவனுக்க சவப்பொட்டிக்குப் பக்கத்தில நின்னு வருகவங்களுக்கெல்லாம் கை குடுக்கணும்? அதுக்கும் இந்த இடது கையா?"

"அப்போ நீயே செஞ்சிருக்கலாமே! அம்மைக்க கையால செய்யணுமா? அந்தக் கண்ணு தெரியாதவளை வச்சா?"

ஷிஜின் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிரீனாவுக்குத் தோன்றியது.

"நேத்து ராத்திரி நானே செய்யத்தான் பாத்தேன். குப்பியைத் துடையில இடுக்கித் திருகினா, குப்பியும் சேந்து சுத்துது. கதவிடுக்கில வச்சுப் பாத்தேன். பல்லால கடிச்சுப் பாத்தேன். மூடியைத் திறக்க முடியல பிரீனா. நான் செஞ்சதை நானே அழிக்கதுக்குக்கூட எனக்கு இன்னொரு ஆளு வேணும்."

பிரீனாவால் அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. ஒரு வாரமாக அவள் கட்டிய கோட்டை முழுவதும், வாயால் சொன்னால் போதும் என்ற அந்தக் கோட்டை, இந்த அறைக்குள் ஒரு நாளும் நுழைந்ததே இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவன் போன் செய்ததை அவள் நம்பிக்கையின் அடையாளமாக எடுத்துக்கொண்டாள். அம்மாவோ, பிள்ளை அடுக்களைக்கு வந்ததற்குப் பாடிக்கொண்டே கழுவினாள். இரண்டு பேரையும் அவன் கருவியாக எடுத்துக்கொண்டான், பிரஷ்ஷையும் கத்தியையும் எடுப்பது மாதிரி.

"அம்மைகிட்ட சொல்லு அண்ணா. நீதான் வேணும்னு செஞ்சேன்னு சொல்லு. அவ காலம்பூரா தன்னைத்தானே அறுத்துக்குவா."

"சொன்னா? எனக்க மோன் இந்த நிலைமைக்கு வந்துட்டானேன்னு அறுத்துக்குவா. எது பரவால்ல, நீயே சொல்லு."

பிரீனா அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

பின்பக்கத்தில் லீலாபாய் அதே முக்காலியில்தான் இருந்தாள். மகளின் நகப்பூச்சுக் குப்பியை எங்கிருந்தோ எடுத்து வந்திருந்தாள். தோளில் துடுப்பு ஏந்திய பொம்மை ஒன்று அவள் கையில் இருந்தது. போரன்று கடற்கரை மீனவர்களைத் துடுப்போடு வரிசையாக நிறுத்தி, தூரத்திலிருந்து பார்க்கிற டச்சுக்காரர்களுக்குப் பெரிய படையாகக் காட்டினார்கள் என்று நம் பக்கம் சொல்வார்கள் அல்லவா, அந்த வரிசையில் ஒருவன். அவன் தலையில் சிவப்பு வைக்கப் பார்த்தாள். பூச்சு முகமெல்லாம் வழிந்து, அடிபட்டவன் மாதிரி ஆகிவிட்டது.

"இவனுக்குத் தலைக்கெட்டு சிவப்புதானே மக்கா?"

"விடும்மா."

லீலாபாய் மகளின் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவன்தான் கழுவச் சொன்னான் கேட்டியா. அப்பாகிட்ட சொல்லிராத. பெயின்டு போகும்னு அவனுக்குத் தெரியாது. அந்த மாத்திரை மயக்கத்தில என்னவோ சொல்லிட்டான், பாவம். இப்போ எனக்க பிள்ளை உள்ள உருகிட்டிருப்பான். நீயும் போய்க் கேக்காத, என்ன? வருகவங்ககிட்ட நான்தான் கழுவினேன்னு சொல்லு. கண்ணு தெரியாத கிழவின்னு சொல்லு. பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாது."

அந்தத் திரை விழுந்த கண்களுக்கு எவ்வளவு தெரிந்தது, எவ்வளவு தெரிய வேண்டாம் என்று இருந்தது என்பதைப் பிரீனாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "அவனுக்குத் தெரியாது."

போன் அடித்தது. ஸ்ரீகுமார்.

"பிரீனா, தக்கலை வந்தாச்சு. பஸ் ஸ்டாண்டும் தாண்டி உங்க ஊர் ரோட்டுல நிக்கோம், இனி எந்தப் பக்கம்? இங்க நாலு பேரும் குழந்தைங்க மாதிரி குதிச்சிட்டிருக்காங்க!"

வேண்டாம், திரும்பிப் போங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தொட்டியும், அம்மாவின் கையிலிருந்த அந்தச் சிவந்த முகமும் கண்ணில் பட்டன. மேசைமேல் படை இல்லாத கடற்கரை ஒன்றுதான் மிச்சம். அவர்களை இப்போது திருப்பி அனுப்பினால் இனி இந்த வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை.

"நேரே வாங்க" என்றாள். "சர்ச் தாண்டினதும் வலது கை பக்கம்."

அவள் பேசி முடிக்கும்போது நேசையன் காலிக் குப்பிகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் கண்ணில் படாமல் தூக்கிப் போடத்தான். ஒரு மூடியை மூடப்போனவர் நிறுத்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியைச் சுற்றிலும் பிளாஸ்டிக் நசுங்கி, ஆழமாகப் பல் பதிந்திருந்தது.

அவர் முதலில் மனைவியைப் பார்த்தார். லீலாபாய்க்கு முன்பல் இரண்டும் எப்போதோ போய்விட்டன. பிறகு மகளைப் பார்த்தார். பிரீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

நேசையன் மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி பக்கம் ஒரு அடி வைத்து, திரும்பி வீட்டுக்குள் நடந்தார். மகனின் அறையை நோக்கித்தான்.

அதே நேரம் சர்ச் திருப்பத்தில் ஒரு கார் ஹாரன் அடித்தது.

அவர் கதவருகே போவதற்குள் உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஷிஜினின் இடது கைக்கு அது ஒன்று மட்டும் யார் துணையும் இல்லாமல் வந்தது.